நான் சூடம் காட்டிய கார்கள்

தம்பி,

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பூசை இருக்கிறது, அந்தப் பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக இரு என்று நீ அனுப்பிய செய்திக்கு இதுதான் உன் அம்மாவின் பதில். கட்டமாட்டேன். சூடமும் கிடையாது, எலுமிச்சம்பழமும் கிடையாது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான் எடுக்கமாட்டேன் என்கிறாயே. உன் அப்பா, கோபத்தோடு எழுதாதே, ஆறவிட்டு எழுது என்றார். எனக்கு ஆறவில்லை. ஆறும் என்று தோன்றவும் இல்லை. அதனால் கொதிக்கிற கொதியிலேயே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன், உன்னிடம் கார் வாங்கியவர்களுக்கும் இதே கடிதம் போகும். நம் தெருவில் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். ஒளித்தவரைக்கும் போதும்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ இருப்பது ஆக்லாந்தில். ஜப்பானில் ஏலத்துக்கு வரும் பழைய கார்களை, அதிலும் வேகத்துக்குப் பேர்போன ஸ்போர்ட்ஸ் கார்களையும் பெரிய இடத்து ஆட்கள் ஓட்டும் சொகுசுக் கார்களையும், கம்ப்யூட்டரில் ஏலம் கேட்டு எடுத்துக் கப்பலில் வரவழைத்து விற்கிறாய். படிக்கப் போன இடத்தில் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சத்தத்தை வைத்தே என்ன கார் போகிறது என்று சொல்லுவாய். போன லீவுக்கு வந்தபோது நம் வீட்டுக் கூடத்தில் தோசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏலம் கேட்டாயே, அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு கார் வரும், நான் அதன் கலரைப் பார்த்து முடிப்பதற்குள் யாரோ எடுத்துவிட்டிருப்பான். ஜப்பான்காரன் நாலைந்து வருசத்தில் வண்டியை மாற்றிவிடுவான், அவனும் ஆக்லாந்துக்காரனைப்போல ரோட்டின் இடது பக்கம் ஓட்டுகிறவன், அதனால் அவன் கார் அந்த ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சட்னியைத் தொட்டுக்கொண்டே விளக்கினாய். நான் அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

இந்தப் பூசை வந்தது தற்செயலாகத்தான். உன்னிடம் முதன்முதலில் வாங்கியவர் மதுரைப் பக்கத்துக்காரர். பூசை போடாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று அவர் நின்றுவிட்டார், அங்கே கோயில் ஐயர் ஊரில் இல்லை. நீ வீடியோவில் கூப்பிட்டு, "அம்மா, செத்த நேரம் சூடம் காட்டும்மா, அவிய பாக்கணுமாம்" என்றாய். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து போனுக்கு முன்னால் சூடத்தைச் சுற்றினேன். அங்கே அவர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஏற்றினார். நல்லா இருங்கய்யா என்று நான் சொன்னதற்கு அந்த மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நாலு பேரிடம் சொல்ல, அதுவே உன் கடைக்கு வழக்கமாகிவிட்டது. கார் கைமாறும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு வீடியோ கால். ஃபிஜிக்காரர்களும் குஜராத்திக்காரர்களும்கூட எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு வண்டி எடுத்தார்கள். நீ அதையெல்லாம் படம் பிடித்துக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாய். ஆண்டாள் கோயில் குங்குமத்தைத் தபாலில் வேறு அனுப்பினேன். தெருவில் என்னைக் கார்க்காரம்மா என்று கேலி செய்தார்கள், உள்ளுக்குள் எனக்கு அம்புட்டு சந்தோசம்.

உன் அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர், கண்ணால் பார்த்த வண்டியையே நம்பமாட்டார். "பாக்காத வண்டிக்கு நம்ம எதுக்குச் சூடம் காட்டணும்?" என்று ஒருநாள் கேட்டார். உங்களை யாரும் போனில் கூப்பிடவில்லை என்கிற வயிற்றெரிச்சல் என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன். மனுசன் வத்திராயிருப்புத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டார். 

ரேவதியை உனக்குத் தெரியும். நம் பேண்டேஜ் துணித் தறியில் என்னோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிற பேச்சியம்மாளின் மகள். ராஜபாளையத்துப் பிள்ளை, நர்சு வேலைக்கு நீ இருக்கிற ஊருக்கு வந்தவள். கார் வாங்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, அவள் கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி தன் பழைய காரைத் தருவதாகச் சொல்லியிருந்தாளாம். நான்தான் விடவில்லை. "எம்மகன் கடை இருக்கும்போது நீ எதுக்குட்டி வெளிய வாங்குத?" என்று உரிமையோடு திட்டி உன்னிடம் அனுப்பினேன். நீ தாழ்வாக, வெள்ளையாக, பார்க்க ஓட்டப்பந்தயக் கார் மாதிரி ஒன்றைக் கொடுத்தாய். அதற்குத்தான் அந்தப் பச்சைப் பட்டுச் சேலையை முதன்முதலில் கட்டினேன். பேச்சியம்மாளும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராத்திரி டூட்டி முடிந்து மழையில் வந்த ஒரு காலை, அந்தக் கார் வழுக்கிக் கம்பத்தில் மோதியது. பெல்ட் போட்டிருந்ததால் உயிர் தப்பினாள். முகம் போய் ஸ்டியரிங்கில் அடித்தது. தாடை உடைந்து, கன்ன எலும்பு நொறுங்கி, இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. செய்தி வந்த அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டேன், மோதினால் ஏர்பேக் என்கிற காற்றுப் பை விரியுமே, ஏன் விரியவில்லை என்று. மோதின கோணம் அப்படிம்மா என்றாய். நானும் அதை அப்படியே பேச்சியம்மாளிடம் போய்ச் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ரேவதியை ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். போன வாரம், உன் பூசைச் செய்தி வந்த மறுநாள், நான் ராஜபாளையம் போய் அவளைப் பார்த்தேன். தாடையில் கம்பி போட்டிருப்பதால் பல்லைப் பிரிக்காமல்தான் பேசுகிறாள். சோறு தின்ன முடியாமல் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், தம்பி. மூஞ்சியில் காறித் துப்பியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன், அவள் சர்க்கரை போதுமா அக்கா என்று கேட்டாள். நான் திரும்பவும் அந்தக் கோணக் கதையை ஆரம்பித்தேன். ரேவதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பெரியம்மா, அடிபட்ட வண்டியப் பிரிக்கவன் ஸ்டியரிங்கக் கழட்டிப் பாத்திருக்கான். உள்ள பையே இல்ல. வெறும் மூடிதான் இருந்துச்சாம். கோணமெல்லாம் ஒண்ணுமில்ல."

படத்தையும் காட்டினாள். எனக்குக் கார் தெரியாது, ஆனால் வெறும் கூடு தெரியும். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த ஊர் அதிகாரிகளுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறாளாம், அனுப்பவில்லையாம். உங்கள் முகத்துக்காகத்தான் பெரியம்மா என்றாள். அவள் முகம் அப்படி இருக்கும்போது என் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும். "எல்லாரும் பண்றதுதாம்மா. அடிபடாத வண்டிய ஏலத்துல எடுத்தா நமக்கு லாபம் ஒண்ணும் நிக்காது. அடிபட்டதா எடுத்து அங்க ஜப்பான்லயே ஒரு ஷெட்டுல சரி பண்ணி அனுப்புவாங்க. புதுப் பை போட்டாக் கட்டுபடியாகாது. சாவியத் திருப்புனா அந்தச் செவப்பு வெளக்கு எரிஞ்சு அணையணும், அம்புட்டுத்தான் இங்க சோதனையில பாப்பான். அதுக்கு ஒரு சின்னச் சாமானத்த மாட்டி விட்டுருவாங்க." கடையில் சரக்கு வந்த கதையைச் சொல்வது மாதிரி சொன்னாய். எத்தனை கார் அப்படி விற்றாய் என்று கேட்டேன். "அஞ்சாறு இருக்கும்" என்றாய்.

இருக்குமா? ஏலே, இருக்குமா? தோட்டத்துத் தேங்காயை எண்ணினால்கூட உன் அப்பா இத்தனை என்று சொல்லுவார். உள்ளே பை இல்லாத காரில் எத்தனை பேரை ஏற்றி அனுப்பினோம் என்பதுகூட உனக்குத் தெரியவில்லை. அதற்குப் பொறவு நீ என்ன சொன்னாய்? இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே, வெள்ளிக்கிழமை பூசையை மறந்துவிடாதே என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. பைக்குப் பதிலாக நீ வைத்தது என்னைத்தான். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்து அதிகாரியை ஏமாற்றியது. ஜனங்களை ஏமாற்ற நான் சூடம் காட்டினேன்.

நீ எங்கே வளர்ந்தாய் என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நம் தறியில் ஓடுகிறது காயத்துக்குக் கட்டுகிற துணி. பத்தாம் வகுப்பு லீவில் நீ தறிக்கு வந்திருந்தபோது, ஒரு தறியில் சின்னக் கம்பித் துண்டு உடைந்து காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஓடிய துணியை அத்தனையும் பிரித்துத் தேடச் சொன்னேன். லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பேச்சியம்மாளும் நீயும் நானும் உட்கார்ந்து கை வலிக்க வலிக்க விரலால் தடவிப் பார்த்தோம். கடைசியில் அந்தத் துண்டு துணியில் இல்லை, தறிக்கு அடியில் பஞ்சுத் தூசியில் கிடந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். வெட்டி வேலை, எவனுக்கும் தெரிந்திருக்காது, அனுப்பியிருக்கலாம் என்றாய். வயசுப் பையன் பேச்சு என்று நானும் சிரித்துவிட்டேன். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஆருக்கோ புண்ணுல குத்தும்லய்யா" என்றாள். அந்தப் பேச்சியம்மாளின் மகளுக்குத்தான் நீ வெறும் மூடியைக் கொடுத்தாய்.

நீ இந்த ஊரில் ஆடிப்பூரத் தேர் பார்த்தவன். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்களின் கையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பாய். அந்தக் கட்டையை அட்டையில் செய்து மரக்கலர் அடித்து வைத்தால் வேடிக்கை பார்க்கிறவனுக்குத் தெரியாதுதான். தேருக்குத் தெரியுமே. எல்லோரும் செய்கிறார்கள் என்கிறாய். செய்யட்டும். அவர்கள் தங்கள் அம்மாவை, என்னைப் பெற்ற தாய் என்று போனில் காட்டவில்லை, நீ காட்டினாய். தொழில் தெரியாமல் செய்த தப்பு என்றால் இந்தக் கடிதத்தில் பாதிதான் எழுதியிருப்பேன். ஏலத்தில் வருகிற காரின் கதவில் இருக்கிற நகக்கீறலைக்கூடப் படத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடிக்கிறவன் நீ. உனக்குத் தெரியாமல் ஒரு காரும் உன் கடைக்கு வராது.

அதனால் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். எந்த ஐந்தாறு கார் என்று நீ சொல்லவில்லை, ஆகவே எல்லோரையும் கூப்பிட்டேன். அவர்கள் நம்பரெல்லாம் என்னிடம் இருக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள்தானே. ரேவதி வீட்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவராக வீடியோவில் கூப்பிட்டோம். தமிழ் தெரியாதவர்களிடம் அவள் பல்லைக் கடித்தபடியே இங்கிலீசில் பேசினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை. வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லி ஸ்டியரிங்கைக் கழற்றிப் பாருங்கள், இவ்வளவுதான் சொன்னோம்.

திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கிறான், உனக்குத் தெரியும், போன வருசம் கல்யாணம் முடித்தவன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் பூரித்துவிட்டான். நான் பேசுவதற்குள், "ஏய், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா கூப்பிட்டிருக்காங்க, இங்க வா" என்று பொண்டாட்டியைக் கூப்பிட்டான். அவள் மெல்ல நடந்து வந்தாள். ஏழு மாசம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா என்று தலையைக் குனிந்தாள்.  ரேவதி என் முழங்கையைத் தட்டினாள்.

"ஆத்தா, அந்தக் கார்ல உக்காராத. எம்மகன் உங்கள ஏமாத்திட்டான். உள்ள பை இல்லாம இருக்கும்" என்றேன்.

அவன் பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். மாசாமாசம் செக்கப்புக்கு அதில்தான் இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். பிறகு, "உங்க மகன்தானம்மா?" என்று கேட்டான். ஆமாம், என் மகன்தான் என்றேன். மறுநாள் அவனே கூப்பிட்டுச் சொன்னான், கழற்றிப் பார்த்தானாம், அவன் பக்கமும் இல்லையாம், அவள் உட்காருகிற பக்கமும் இல்லையாம். சத்தம்கூடப் போடவில்லை. 

வெள்ளிக்கிழமை யாருக்குக் கார் கொடுக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ பெயர் சொல்லவில்லை. உன் கடைப் பக்கத்தில் என் பூசைப் படங்களுக்குக் கீழே நடந்ததை ரேவதியை எழுதச் சொன்னேன், நீ அழித்துவிட்டாய். திரும்ப எழுதச் சொல்லுவேன். நீ அழிக்க அழிக்க எழுதச் சொல்லுவேன். அவள் புகாரையும் அனுப்பச் சொல்லிவிட்டேன், அனுப்பிவிட்டாள். அதற்கு யார்மீதும் கோபப்படாதே. அவள் கேட்டாள், நான் அனுப்பு என்றேன். அதிகாரி என்னைக் கேட்டால் நீ என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுவேன். பெற்ற மகனைக் காட்டிக் கொடுக்கிறாளே என்று ஊர் பேசும், பேசட்டும். கான்சாபுரத்திலிருந்து உன் மாமா கூப்பிட்டு, பையன் வாழ்க்கையைக் கெடுக்காதே என்றார். ரேவதி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று போனை வைத்துவிட்டேன். அவர் இன்னும் போகவில்லை.

நாங்கள் கூப்பிட்டுச் சொன்ன அடுத்த நாளே வாங்கியவர்கள் எல்லோரும் உன்னைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். நீ எனக்குப் போன் போட்டுக் கத்தினாய். "எம்பொழப்பக் கெடுத்துட்டியேம்மா, பெத்தவதானா நீ?" என்றாய். நான் கத்தவில்லை. வாயில் வந்த அத்தனையையும் விழுங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். நீ ஓட்டுகிற காரில் அந்தப் பை இருக்கிறதா என்று கேட்டேன்.

உன் குரல் உடனே தணிந்துவிட்டது. நான் உனக்காகப் பயந்துதான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாய். "என் வண்டில எட்டுப் பை இருக்கும்மா. அடியே படாத வண்டி, நானே பாத்து எடுத்தது. நீ பயப்படாத" என்று ஆறுதல் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை.

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்யவேண்டியது இதுதான். மற்ற கார்களைத் திரும்ப வாங்குவது, புதுப் பை போட்டுக் கொடுப்பது, அதிகாரிகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு. முதலில் எழுந்திரு. எட்டுப் பை இருக்கிற உன் காரை எடுத்துக்கொண்டு அந்தத் திண்டுக்கல் பையன் வீட்டுக்குப் போ. வாசலில் நிறுத்து. அந்த வயிற்றுப்பிள்ளைக்காரி கையில் சாவியைக் கொடு. அவர்கள் என்ன திட்டினாலும் நின்று வாங்கிக்கொள். பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போ.

அம்மா